ஆரஞ்சு மேகம் போட்டா வீட்டு ஐபி மறைஞ்சிடுமா?

கல்லுடைப்பான்:
வீட்டு ஐபி, அதாவது வீட்டு நெட்டோட முகவரி நம்பர் பத்தி நேத்து குரூப்ல டைமண்ட் தம்பி சொன்னது இது: "டொமைன் வாங்கி கிளவுட்ஃப்ளேர்ல ஆரஞ்சு மேகத்தை ஆன் பண்ணிட்டா வீட்டு ஐபி எவனுக்கும் தெரியாது. மைன்கிராஃப்ட் சர்வரை வீட்டுலயே தைரியமா ஓட்டலாம்." இதை நம்பி மூணு சின்னப் பசங்க ரூட்டர்ல 25565 போர்ட்டை, அதான் மைன்கிராஃப்டுக்கு வெளியில இருந்து உள்ள வர்ற வாசலை, திறந்து வச்சிருக்கானுங்க. பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. கிளவுட்ஃப்ளேர்ங்கிறது வர்ற டிராஃபிக்கை நடுவுல நின்னு வாங்கி அனுப்புற சேவை. மேகம் ஆரஞ்சுன்னா அது ஆன், சாம்பல்னா ஆஃப். இலவசக் கணக்குல அந்த ஆரஞ்சு மேகம் வெப்சைட்டுக்கு மட்டும்தான். மைன்கிராஃப்ட் டிராஃபிக் அது வழியா போகவே போகாது.

டைமண்ட்_தம்பி:
போகாதுன்னா என் சர்வர் எப்படிண்ணே ஓடுது? ஆறு மாசமா ஆரஞ்சுலதான் இருக்கு. என் டொமைனுக்கு பிங் அடிச்சுப் பாருங்க, எந்த ஐபின்னு காட்டும், கிளவுட்ஃப்ளேர் ஐபிதான் வரும். அடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

கல்லுடைப்பான்:
அடிச்சேன். கிளவுட்ஃப்ளேர் ஐபிதான் வந்துச்சு. அதோட நிறுத்தாம உன் டொமைனோட எஸ்ஆர்வி ரெக்கார்டையும் (கேம் எந்தப் பேருக்குப் போகணும்னு சொல்ற குறிப்பு) கேட்டேன். "பிளே"ன்னு ஆரம்பிக்கிற இன்னொரு பேரைக் காட்டுச்சு. அந்தப் பேருக்கு மேகம் சாம்பல். அதை பிங் அடிச்சா உன் வீட்டு ஐபி முழுசா வந்து நிக்குது. கேமுக்குள்ள உன் டொமைனை டைப் பண்றவனை மைன்கிராஃப்ட் அந்த எஸ்ஆர்வியைப் பார்த்து நேரா உன் வீட்டு ரூட்டருக்குத்தான் கூட்டிட்டுப் போகுது. 

டைமண்ட்_தம்பி:
நான் கேட்டதுக்குப் பதில் இல்ல. பிங் அடிச்சா கிளவுட்ஃப்ளேர் வருதா இல்லையா?

ஈரோட்டுக்காரன்:
எதுக்கு இவ்ளோ சண்டை? ஐபியை வச்சு வீட்டுக்கு ஆளா வரப்போறான்? என் ஐபியைத் தேடினா சென்னைன்னு காட்டுது, நான் இருக்கிறது பவானி. எனக்கு மறைக்கவே தேவையில்ல. ரூட்டர்ல 100.72-ன்னு ஆரம்பிக்கிற நம்பர், சிஜிநாட், அதாவது பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே வெளி ஐபி. போர்ட்டைத் திறந்தாலும் வெளியில இருந்து எவனும் வர முடியாது.

கல்லுடைப்பான்:
உங்களுக்கு அது சரி. 2012-ல சிஜிநாட்டுக்குன்னே ஒதுக்கின 100.64-ல இருந்து 100.127 வரைக்குமான வரிசை அது. ஆனா உங்களால வீட்டுல ஹோஸ்ட் பண்ணவே முடியாதுங்கிறதும் அதுதானே? பேச்சு ஹோஸ்ட் பண்றவனைப் பத்தி. ஆள் வருவான்னு நானும் சொல்லல. டிடாஸ் வரும், அதாவது குப்பை டிராஃபிக்கைக் கொட்டி நெட்டையே முடக்குவான். போன வருஷம் என் சர்வர்ல ஒருத்தனை பேன் பண்ணேன், ராத்திரி பத்து மணிக்கு அடிச்சான். ரூட்டர்ல எல்லா விளக்கும் பச்சையாத்தான் எரியுது, ஆனா ஒரு பக்கம் திறக்கல. தங்கச்சி அசைன்மென்ட் அப்லோட் பாதியில நிக்குது, பன்னிரண்டு மணிக்குக் கெடு. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஐபி மாறுச்சு. அஞ்சு நிமிஷத்துல மறுபடி செத்துச்சு. ஏன்னா என் டொமைன்தான் புது ஐபியையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. அவ அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குது.

டைமண்ட்_தம்பி:
பத்துப் பேர் விளையாடுற சர்வரை எவன்ணே அடிப்பான்? பெரிய ஆள் மாதிரி பில்டப் வேண்டாம். உங்க டொமைன்ல ஆரஞ்சு போட்டிருந்தா அன்னைக்கு அது நடந்திருக்காது.

கல்லுடைப்பான்:
ஆரஞ்சு ஆரஞ்சுன்னு எத்தனை தடவைடா! 2016-ல உலகத்தையே ஆட்டின மிராய் பாட்நெட்டை (பிடிச்சு வச்ச கருவிகளை வச்சு டிடாஸ் அடிக்கிற புரோகிராம்) எழுதினது மூணு அமெரிக்கப் பசங்க. 2017 டிசம்பர்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தினவன். இந்த விளையாட்டுல சர்வரை அடிக்கிறது புதுசு இல்ல.

க்ரீப்பர்_அக்கா:
ரெண்டு பேரும் மறைக்கிறதைப் பத்திப் பேசுறீங்க. டைமண்ட், போன மாசம் நீ கன்சோல் ஸ்கிரீன்ஷாட்டைக் குரூப்ல போட்டியே, அதுல உள்ள வந்த ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்துல ஐபி இருந்துச்சு. என்னோடதும்தான். அழிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன். இன்னும் அங்கேயே இருக்கு.

டைமண்ட்_தம்பி:
அக்கா, அது எரர் காட்டுறதுக்காகப் போட்டது. இங்க இழுக்காதீங்க.

க்ரீப்பர்_அக்கா:
உன் ஐபின்னா ஆரஞ்சு மேகம், எங்க ஐபின்னா ஸ்கிரீன்ஷாட்டா?

ஈரோட்டுக்காரன்:
சரி, மறைக்க என்னதான் வழி? அதைச் சொல்லுங்கப்பா.

கல்லுடைப்பான்:
டனல் போடுங்க. உங்க பிசியே வெளியில இருக்கிற ரிலேவை, அதாவது நடுவுல நின்னு கடத்திவிடுற சர்வரைப் போய்ப் பிடிச்சுக்கும், ஆடுறவங்களுக்கு ரிலேவோட ஐபி மட்டும்தான் தெரியும். ரூட்டர்ல போர்ட் திறக்கவே வேண்டாம், சிஜிநாட்லயும் ஓடும். ரிலே தூரமா இருந்தா பிங், அதாவது கேம்ல தெரியிற தாமதம், ஏறும். எனக்கு 40 மில்லிசெகண்ட்ல இருந்து 95 ஆச்சு, சண்டை போடும்போது நல்லாத் தெரியுது, ஆனாலும் மாத்த மாட்டேன். இல்லன்னா மாச வாடகைக்கு வெளியில ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து சர்வரையே அங்க தூக்கி வைங்க. எதைச் செஞ்சாலும் பழைய டிஎன்எஸ் ரெக்கார்டை (டொமைன் பேருக்கு ஐபியைக் காட்டுற குறிப்பு) அழிங்க, வீட்டு ஐபியையும் ஒருமுறை மாத்துங்க. பழைய ஐபியைச் சேர்த்து வச்சிருக்கிற தளங்கள் நிறைய இருக்கு.

டைமண்ட்_தம்பி:
95 பிங்ல பிவிபி, ஆளுக்கு ஆள் சண்டை ஆடவா? அதான் உங்க சர்வர்ல நாலு பேர்கூட இல்ல. என்னுது ஆறு மாசமா ஓடுது, ஒரு தடவைகூட விழல.

கல்லுடைப்பான்:
விழலங்கிறது வேற, மறைஞ்சிருக்குங்கிறது வேற. எஸ்ஆர்வியைப் பார்த்தியா இல்லையா?

டைமண்ட்_தம்பி:
நீங்க பிங் அடிச்சப்ப என்ன வந்துச்சுன்னு நீங்களே மேல எழுதியிருக்கீங்க. அது போதும் எனக்கு. ஏப்ரல்ல என்னை ஆட்மின்ல இருந்து தூக்கினதுல இருந்தே நான் எது சொன்னாலும் உங்களுக்குத் தப்புதான்.

கல்லுடைப்பான்:
ஆட்மினை எடுத்தது நீ கேம்ல மத்தவங்க பெட்டியில கை வச்சதுக்கு. அந்தப் பசங்க மூணு பேருக்கும் தனித்தனியா மெசேஜ் போட்டிருக்கேன், ஒருத்தன் போர்ட்டை மூடிட்டான். மத்த ரெண்டு பேரும் இதைப் படிச்சா இன்னைக்கு ராத்திரிக்குள்ள மூடுங்க.

டைமண்ட்_தம்பி:
மூட வேண்டாம் பசங்களா, ஆரஞ்சு மேகம் இருந்தாப் போதும். பெட்டி விஷயத்துக்கு ஆதாரம் இருந்தா காட்டுங்க.

க்ரீப்பர்_அக்கா:
ஸ்கிரீன்ஷாட் இன்னும் அழியல டைமண்ட்.