‘லாக்’ ஒன்று, பூட்டு இரண்டு: உடன்பாட்டுப் பூட்டு, தடுப்புப் பூட்டு

நண்பர்களுக்கு வணக்கம்.

பிணையத்தின் வழியே பல கணினிகள் பகிரும் சேமிப்பகம் பற்றிய ஆவணத்தை நாம் தமிழாக்கிவருகிறோம். ஒருவர் பயன்படுத்தும் கோப்பில் பிறர் குறுக்கிடாமல் இருக்க இடும் பூட்டின் இரு வகைகளான ‘அட்வைசரி லாக்’, ‘மேண்டேட்டரி லாக்’ ஆகிய இரண்டுக்கும் இதுவரை இரண்டு இணைகள் வந்துள்ளன. ஒன்று, ஆலோசனைப் பூட்டு – கட்டாயப் பூட்டு. மற்றொன்று, மென்பூட்டு – வன்பூட்டு. இரண்டுமே சொல்லளவில் பிழையற்றவை. ஆயினும் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் பயனருக்கு அந்தப் பூட்டு என்ன காவல் தருகிறது என்பதை இவை உணர்த்தவில்லை என்பதால், வேறோர் இணையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் செயல்பாட்டைப் பார்த்துவிடுவோம். விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே, தான் அதை மூடும் வரை பிறர் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘ஷேர் மோட்’ எனப்படும் இந்த நிபந்தனையை, விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி, வழங்கி (சர்வர்) வரை கொண்டுசெல்கிறது. அதற்கு முரணாக வரும் அடுத்த கோரிக்கையை வழங்கி மறுத்துவிடுகிறது; இது மேண்டேட்டரி வகை. யூனிக்ஸ் மரபில் பூட்டு இடுவது, அறைக் கதவில் ‘உள்ளே ஆள் உண்டு’ என்று அட்டை தொங்கவிடுவதைப் போன்றது. அட்டையைப் பார்க்கும் வழக்கம் உள்ளவர் திரும்பிப் போவார். அந்த வழக்கம் இல்லாதவர் நேரே உள்ளே வந்துவிடுவார்; இது அட்வைசரி வகை. லினக்ஸில் ஒரு காலத்தில் தடுக்கும் வகைப் பூட்டும் இருந்தது. 2021-இல் வெளிவந்த 5.15 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இந்த இரு மரபுகளும் ஒரே சேமிப்பகத்தில் சந்திக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் இது நேர்ந்தது. லினக்ஸ் வழங்கியில் இருந்த ஒரே கோப்புறையை விண்டோஸ் கணினிகளுக்குச் சாம்பா (லினக்ஸில் எஸ்எம்பி வழங்கியாக இயங்கும் மென்பொருள்) வழியாகவும், லினக்ஸ் கணினிகளுக்கு என்எஃப்எஸ் (யூனிக்ஸ் மரபின் கோப்புப் பகிர்வு நெறிமுறை) வழியாகவும் பகிர்ந்திருந்தோம். தோழி ஒருவர் விண்டோஸில் பதிவேட்டுக் கோப்பைத் திறந்து திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்து விண்டோஸ் கணினியில் அதே கோப்பைத் திறக்க முயன்றவருக்கு ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்ற மறுப்பு வந்தது. அதே நேரத்தில் என் லினக்ஸ் கணினியில் ஓடிய நிரலோ, முறைப்படி பூட்டுக் கோரி, பூட்டும் கிடைத்து, கோப்பின் இறுதியில் புதிய வரிகளைச் சேர்த்துவிட்டு, ‘பூட்டு பெறப்பட்டது’ என்று குறிப்பேட்டிலும் எழுதி வைத்தது. மாலையில் தோழி தம் திருத்தத்தைச் சேமித்தபோது, அவருடைய நினைவகத்தில் இருந்த பழைய படி கோப்பின் மேல் எழுதப்பட்டு, நான் சேர்த்த வரிகள் அனைத்தும் போயின. சாம்பா, தன்னோடு இணைந்த கணினிகளான கிளையன்களிடையே ஷேர் மோடை நிலைநாட்டியது. என்எஃப்எஸ் வழியாக வந்த என் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. என் நிரலும் தவறவில்லை, அவருடைய மென்பொருளும் தவறவில்லை. ‘பூட்டு’ என்ற ஒரே சொல்லை இருவரும் இரு பொருளில் நம்பியிருந்தோம்.

இந்த நிகழ்வை மனத்தில் வைத்துக்கொண்டு, வந்துள்ள சொற்களைச் சோதித்துப் பார்த்தேன். ‘ஆலோசனைப் பூட்டு’ என்றால் யார் யாருக்கு ஆலோசனை சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. ‘கட்டாயப் பூட்டு’ இன்னும் வழிதவறச் செய்கிறது; கட்டாயக் கல்வி என்பது பெற்றே ஆகவேண்டிய கல்வி என்பது போல, இதுவும் போட்டே ஆகவேண்டிய பூட்டு என்றுதான் தமிழ்க் காதில் விழும். மென்பூட்டு, வன்பூட்டு இரண்டும் சுருக்கமும் ஓசை நயமும் உள்ளவை. எனக்கும் முதலில் பிடித்திருந்தன. ஆனால் வன்பொருளும் மென்பொருளும் நம் நாவில் ஊறிப்போன பிறகு, வன்பூட்டு என்றால் கணினிப் பெட்டியில் மாட்டும் இரும்புப் பூட்டு என்றே பலர் நினைப்பார்கள்.

என் பரிந்துரை: அட்வைசரி லாக் என்பதற்கு உடன்பாட்டுப் பூட்டு; மேண்டேட்டரி லாக் என்பதற்குத் தடுப்புப் பூட்டு. முன்னது உடன்பட்ட நிரல்களுக்கு இடையே மட்டும் செல்லுபடியாகும். பின்னது உடன்படாதவரையும் தடுக்கும். இலக்கணத்தில் உடன்பாடு என்பது எதிர்மறைக்கு மறுதலையாக வழங்குகிறதே என்று கேட்கலாம். கோப்பு, பூட்டு என்ற சூழலில் அந்தப் பொருள் குறுக்கிடாது என்றே கருதுகிறேன். ‘இசைவுப் பூட்டு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஒத்திசைவு என்பதைச் ‘சிங்க்’ என்ற பொருளில் ஏற்கெனவே ஆள்வதாலும், இசைவு என்பது அனுமதியையும் குறிப்பதாலும் கைவிட்டேன்.

என்எஃப்எஸ் பதிப்பு வேறுபாடுகளிலும் இந்த இணை பயன்படும். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் பூட்டு நெறிமுறைக்கு உள்ளேயே இல்லை. தனியொரு துணை நெறிமுறை அதைக் கவனித்தது. நான்காம் பதிப்பு பூட்டை உள்ளே கொண்டுவந்து, அதற்குக் காலவரையறையும் வைத்தது; கிளையன் குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் வழங்கி அந்தப் பூட்டை விடுவித்துவிடலாம். இந்தக் காலவரையறையைக் குறிக்கும் ‘லீஸ்’ என்பதற்கு, ஐபி முகவரி ஒதுக்கீட்டில் நாம் முன்பே ஏற்ற ‘குத்தகை’ போதும்.

பிணையச் சேமிப்பகத்தில் இதைவிட அன்றாடத் தொல்லைகள் இருக்க, ஒரு பூட்டுக்கு இத்தனை மடல்கள் தேவையா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவர் சொன்ன தொல்லைகள் உண்மையானவை. லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4, கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகள்தான் தரும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் (யூனிகோடு ஓர் எழுத்துக்கோ துணைக்குறிக்கோ தரும் எண்) ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால், 85 குறியெண்களோடு பெயர் முடிந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அதே பெயருக்கு 255 குறியெண்கள் வரை இடம் உண்டு. ‘கோப்புகள்’ என்ற சொல்லிலேயே ‘கோ’வின் துணைக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், ஆப்பிளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமித்தது, லினக்ஸ் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும், ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு கோப்புறைகள் அருகருகே வந்து நிற்கும். ஆனால் இவற்றை இருக்கும் சொற்களாலேயே விளக்கிவிடலாம்; நீளமான பெயருக்குப் பிழைச்செய்தி வந்துவிடும், இரட்டைக் கோப்புறையும் கண்ணில் பட்டுவிடும். பூட்டு எந்தச் செய்தியும் இல்லாமல் தரவை இழக்கச் செய்கிறது.

மாதிரிக்கு ஒரு வரியை மொழிபெயர்த்திருக்கிறேன்: ‘இக்கோப்பின் மீது உடன்பாட்டுப் பூட்டு உள்ளது, பூட்டைச் சரிபார்க்காத நிரல்கள் இதில் எழுதக்கூடும்.’ சொற்களைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். இவ்வரியை, பிணையத்தோடு பழக்கமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அந்தக் கோப்பை அவர் நம்பி விட்டுவைப்பாரா, படி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு எழுதுங்கள்.