தழும்பில் வந்த புற்றுநோய்: சதை வைத்து மூடியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மகள், விருதுநகர்:

அம்மாவுக்குச் சின்ன வயதில் வெந்நீர் கொட்டி முழங்காலுக்குச் சற்றுக் கீழே பெரிய தழும்பு. அறுபதைத் தாண்டியபின் அதில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. சர்க்கரைப் புண் என்று தெருவே சொன்னது, அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. சதை எடுத்துச் சோதித்தால் தோல் புற்றுநோய். பழைய தீக்காயத் தழும்பில் பல வருடம் கழித்து இப்படி வருவதுண்டாம். மார்ஜோலின் புண் என்கிறார்கள், 1828-இல் தழும்புப் புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர்.

புண் சிறியதுதான். சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்ததில் உள்ளங்கை அளவு பள்ளம், அடியில் எலும்பு. எலும்பின் மேல் சவ்வும் போய்விட்டதால் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். ஒட்டுகிற தோலுக்கு அடியிலிருந்து ரத்தம் கிடைக்க வேண்டுமே. அதனால் கெண்டைக்கால் சதையில் ஒரு பாதியை ரத்தக்குழாய் அறுபடாமல் முன்பக்கம் திருப்பி எலும்பை மூடினார்கள். அதன் மேல் தொடையிலிருந்து சீவிய மெல்லிய தோல். கணுக்கால் பக்கமாக இருந்திருந்தால் இந்தச் சதை எட்டாதாம். வேறு இடத்துச் சதையைக் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரத்தக்குழாயை இணைக்க வேண்டியிருக்குமாம்.

ஆனால் அம்மாவை அழவைத்தது தொடைதான். ரோட்டில் விழுந்து சிராய்த்த மாதிரி எரிச்சல். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே போட்ட கட்டைப் பிய்க்கவே கூடாது; ஆறினால் தானாகக் கழன்று வரும், இரண்டு வாரம்போல ஆகும்.

மகன், சேலம்:

அப்பாவுக்குக் கன்னம். புகையிலைதான், வேறென்ன. கட்டி வெளித்தோல் வரை வந்துவிட்டதால் கன்னத்தை முழுசாக எடுத்தார்கள். மார்புச் சதையைத் தோலோடு கழுத்துக்குள் வழியாக ஏற்றி, மடித்து, வாய்க்குள் ஒரு பக்கமும் வெளியே ஒரு பக்கமுமாக வைத்தார்கள். முதல் சில நாள் நர்ஸ் டார்ச் அடித்து நிறம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளுத்தால் ரத்தம் வரவில்லை, நீலமானால் வந்த ரத்தம் திரும்பவில்லை.

சிரிக்காதீர்கள், அப்புறம் வாய்க்குள்ளே மார்பு முடி வளர்ந்தது! ரேடியேஷன் கொடுத்ததும் உதிர்ந்துவிட்டது.

விருதுநகர் சகோதரி, அம்மாவுக்கு முழங்கால் மடக்க வருகிறதா? பிசியோ எப்போது ஆரம்பித்தார்கள்?