யோகா பண்றவங்க கப்பிங் (தோல் மேல கப்ப கவுத்து, காத்த உறிஞ்சி இழுக்கற சிகிச்சை) எடுத்துக்கலாமா? பெங்களூர்ல யாராவது எடுத்திருக்கீங்களா?

ஜெயநகர்வாசி:
தினமும் காலைல யோகா பண்றேன், ஆனா வேலை முழுக்க லேப்டாப் முன்னாடிதான், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, அதோமுக சுவானாசனத்துல (கையையும் காலையும் தரையில ஊனி இடுப்ப மேல தூக்கறது) கைய சரியா நீட்டவே முடியல. கிளாஸ்ல ஒரு அக்கா கப்பிங் எடுத்துட்டு வந்தாங்க, முதுகு பூரா வட்ட வட்டமா கருஞ்சிவப்பு. நல்லா லேசாயிடுச்சுன்றாங்க. எடுத்த அன்னைக்கே ஆசனம் செய்யலாமா? உடம்புல இருக்கற கழிவு வெளிய வருதுன்னு சொல்றாங்களே, நெஜமா?

பிசியோ_அல்சூர்:
கழிவெல்லாம் இல்லைங்க. கப்புக்குள்ள காத்த உறிஞ்சினதும் தோல் மேல இழுபட்டு, சின்னச் சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சு ரத்தம் தோலுக்கடியில கசியுது, அதான் அந்த நிறம். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோள்ல எல்லாரும் பாத்தது இதத்தான். ரொம்பக் கருத்துப்போனா நல்லா வேலை செஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. வலி கொஞ்ச நாளைக்குக் குறையலாம், ஆனா ஆதாரம் இன்னும் வலுவா இல்ல, அத நம்பி ஆசனத்தையும் உக்கார்ற முறையையும் விட்றாதீங்க.

மல்லேஸ்வரம்_மீனா:
நான் எடுத்திருக்கேன் பா. எடுத்ததும் தோள் அவ்ளோ லேசா இருக்கும், அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், வலி தெரியலேன்னு உடம்ப பின்னாடி வில்லா வளைக்கற சக்கராசனம் வரைக்கும் போய்டத் தோணும். தசை ஒரே நாள்ல நீண்டுடாது. அன்னைக்கு பிராணாயாமம், சவாசனத்தோட நிறுத்திக்கோ. அடுத்த நாள் மெதுவா கோமுகாசனம் கை மட்டும் (முதுகுக்குப் பின்னாடி ரெண்டு கையையும் கோக்கறது), ஒரு துண்ட புடிச்சுக்கிட்டு. தழும்பு மேல அழுத்தற மாதிரி தோள் மேல உடம்ப தாங்கற ஹலாசனம், சர்வாங்காசனம் எல்லாம் அது ஆறினப்புறம் பாத்துக்கலாம், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வெந்நி அதிகமா ஊத்திக்காத.

மாகடி_ரோடு:
தோலைக் கீறி ரத்தம் எடுக்கறது வேற, அது ஹிஜாமா. அதுக்குப் படிச்ச யுனானி (ஆயுர்வேதம், சித்தா மாதிரி ஒரு பாரம்பரிய மருத்துவம்) டாக்டர்கிட்டதான் போகணும், பிளேடு புதுசா பிரிக்கறாங்களான்னு கண்ணால பாருங்க. நம்மூர்லயே கொட்டிகெபாள்யால தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் இருக்கு, அங்க விசாரிங்க. சலூன்ல, வீட்டுக்கு வந்து செய்றேன்றவங்ககிட்ட வேண்டவே வேண்டாம்.

ஜெயநகர்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மாவும் கேக்கறாங்க, ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்க, அவங்களுக்குப் பண்ணலாமா?

பிசியோ_அல்சூர்:
அம்மாவுக்கு வேண்டாம்ங்க, அந்த மாத்திரையோட ரத்தக்கசிவு நிக்காமப் போகலாம். அவங்க ஹார்ட் டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் பண்ணாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, தோல்ல புண் இருக்கறவங்களும் அப்படித்தான். உங்களுக்கு முதல்ல ஸ்க்ரீன கண்ணு உயரத்துக்குத் தூக்கி வைங்க.