விட்டுப்பிடி: கடிகாரத்தின் உள்ளுறுப்பு ஒன்றுக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எடையாலோ சுருள்வில்லாலோ ஓடும் கடிகாரத்தில், பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிட்டு நிறுத்தும் 'எஸ்கேப்மெண்ட்' என்னும் உறுப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில், இதுவரை 'தப்பி', 'விடுவிப்பான்' என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கின்றனவே ஒழிய, உறுப்பின் வேலையைச் சொல்லவில்லை என்பது என் கருத்து. 'விட்டுப்பிடி' என்பதை நான் முன்மொழிகிறேன்.

உயரே ஏற்றிவைத்த எடை கீழே இறங்க முயல்வதால்தான் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. தடுக்க ஏதுமில்லையென்றால் எடை விரைந்து இறங்கிவிடும்; முட்களும் விர்ரென்று சுற்றி ஓய்ந்துவிடும். ஆகவே, கடைசிச் சக்கரத்தின் பல் ஒன்றை ஒரு நாக்கு பிடித்து நிறுத்துகிறது. ஊசல் ஒருபுறம் சாயும்போது அந்த நாக்கு விலகிப் பல்லை விடுகிறது. சக்கரம் சற்றே நகர்வதற்குள் மறுபுறத்து நாக்கு வேறொரு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. பல் விடுபடும் போக்கில் ஊசலுக்குச் சிறிய உந்துதல் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் செல்வதால் ஊசலும் ஓயாமல் ஆடுகிறது. நாம் கேட்கும் 'டிக்' ஒலி, அடுத்த பல் நாக்கின்மேல் வந்து மோதுவதால் எழுவது, அதாவது பிடிபடும் ஒலி. 'தப்பி', 'விடுவிப்பான்' ஆகிய சொற்களில் இந்தப் பிடிக்கு இடமே இல்லை.

ஆங்கிலமும் பிரெஞ்சும் பல் தப்பிச் செல்வதைக் கண்டு பெயரிட்டன. ஜெர்மன் மொழியோ 'ஹெம்முங்' என்று, தடுத்து நிறுத்துவதைக் கண்டு பெயரிட்டது. ஒரே வேலையின் ஆளுக்கொரு பாதியை அவை சொல்ல, இரண்டையும் ஒருங்கே சொல்லும் தொடர் நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. முரண்டுபிடிக்கும் பிள்ளையை 'விட்டுப் பிடிக்க வேண்டும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, கைவிடுவதையும் அவர்கள் சொல்வதில்லை, இறுக்குவதையும் சொல்வதில்லை.

இச்சொல் எல்லா வகைகளுக்கும் பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவின் கைஃபெங் நகரில் சூ சோங் அமைத்த வானியல் கடிகாரக் கோபுரத்தில், சக்கரத்தின் விளிம்பிலிருந்த அகப்பை ஒன்றில் நீர் நிரம்பி, அதன் எடை நெம்புகோலைத் தள்ளும்வரை சக்கரம் அசையாது நின்றது. தள்ளியதும் ஒரு படி நகர்ந்து மீண்டும் பிடிபட்டது. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய எடைக் கடிகாரங்களில், கிரீடம் போன்ற சக்கரத்தின் பற்களை ஒரு செங்குத்துத் தண்டிலிருந்த இரு தகடுகள் மாறி மாறி விட்டுப் பிடித்தன. ஆனால் அத்தண்டின்மேல் ஆடிய குறுக்குச் சட்டத்துக்குத் தனக்கென ஒரு சீரான அலைவுக் காலம் கிடையாது. அதனால் அக்கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 15 நிமிடம் பிசகின. 1656இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சட்டத்துக்குப் பதிலாக ஊசலைப் பொருத்தியதும் பிழை 15 விநாடி அளவுக்குக் குறைந்தது. அப்போதும் விட்டுப் பிடித்தது அதே பழைய தண்டுதான் என்பதால் ஊசல் மிக அகலமாக ஆட வேண்டியிருந்தது. அதே நூற்றாண்டில் வந்த நங்கூர வடிவ அமைப்பு அவ்வீச்சைச் சில பாகைகளாகச் சுருக்கியது. சுமார் ஒரு மீட்டர் நீள ஊசல் ஒடுக்கமான பெட்டிக்குள் ஆட முடிந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுக்கும் அந்த ஊசலோடு 30 பற்கள் கொண்ட சக்கரத்தை இணைத்தால், ஒரு பல்லுக்கு இரண்டு பிடிகளாகச் சக்கரம் சரியாக ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வரும். விநாடி முள்ளை நேரே அதன் அச்சிலேயே பொருத்திவிடலாம். எத்தனை அழகான கணக்கு!

நம் பழைய நீர்க்கடிகாரங்களான நாழிகை வட்டில், முல்லைப்பாட்டு கூறும் குறுநீர்க் கன்னல் ஆகியவற்றிலிருந்து பெயர் எடுக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அச்சொற்களின்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆயினும், அவற்றில் நீர் இடைவிடாது ஒழுகுகிறது. விட்டு நிறுத்தி எண்ணும் செயல் எதுவும் அங்கே நிகழ்வதில்லை. இல்லாத உறுப்பின் பெயரை அங்கே தேடுவது முறையாகாது.

'விட்டுப்பிடி' ஏவல் வினைபோல ஒலிக்கிறது என்ற தடையை எதிர்பார்க்கிறேன். 'கைப்பிடி'யில் 'பிடி' பெயராகத்தான் நிற்கிறது; 'தொட்டாற்சுருங்கி'யில் ஒரு முழு வாக்கியமே செடிக்குப் பெயராகிவிட்டது. உந்துதல் கொடுக்கும் வேலை இச்சொல்லில் இல்லை என்பது உண்மைதான். மேற்சொன்ன மூன்று மொழிகளின் சொற்களிலும் அது இல்லை. கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன: விட்டுப்பிடிச் சக்கரம், தண்டு விட்டுப்பிடி, நங்கூர விட்டுப்பிடி, சுருள்வில் கைக்கடிகாரங்களில் இன்றும் இருக்கும் நெம்புகோல் விட்டுப்பிடி.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நங்கூர வகையில் ஒவ்வொரு பிடியின்போதும் சக்கரம் சற்றுப் பின்னோக்கித் தள்ளப்படும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாம் செம்மைப்படுத்திய வகையில் அந்தப் பின்தள்ளல் இல்லை. சென்னை வானாய்வகத்திலிருந்து கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போன, ஜான் ஷெல்டன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் செய்த ஊசல் கடிகாரம் இவ்வகையைச் சேர்ந்தது. இதனைப் 'பின்னடையா விட்டுப்பிடி' என்று எழுதிப் பார்த்தேன், சொல் நீண்டுவிட்டது. 'அசையாப்பிடி' என்றால் குறுகுகிறது, ஆனால் 'விட்டு' விடுபட்டுப்போகிறது. இரண்டில் எது தகும், அல்லது மூன்றாவது ஒன்று உண்டா என்று நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.