பெரியப்பா 50 ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்தது

இரண்டாவது பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமாகி என் மனைவி மிகவும் தளர்ந்திருந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று செவிலியர் அவளிடம் கேட்டபோது, நான் செய்துகொள்கிறேன் என்றேன். செவிலியர் விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்; அம்மா அழத் தொடங்கிவிட்டார். பாரம் தூக்குகிற உடம்பு, தெம்பு போய்விடும், வெளியே தெரிந்தால் உன்னை ஆம்பளை என்று யார் மதிப்பார்கள் என்று இரவெல்லாம் புலம்பினார். அவரை நான் குறை சொல்லவில்லை. என் தம்பி பிறந்த பிறகு கத்தியின் கீழ் படுத்தவர் அவர்தான். அதைத் தவிர வேறு வழி உண்டென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சிகிச்சை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையில் சிறு துளையிட்டு, விந்தணு வரும் இரு குழாய்களையும் துண்டித்துக் கட்டினார்கள், தையல்கூட இல்லை. ஆண்மைக்குரிய சுரப்பு நேராக இரத்தத்தில் கலப்பதால் இந்தக் குழாய்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூன்று மாதங்கள் வேறு பாதுகாப்பு முறையைக் கடைப்பிடித்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்.

நான்காம் நாள் மாலை, எண்பது வயதைத் தாண்டிய என் பெரியப்பா வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு அருகில் உட்கார்ந்தார். 1972இல் ஒரு முகாமில் தாமும் இதைச் செய்துகொண்டதாகச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் பெண்களைவிட ஆண்களே கருத்தடை அதிகம் செய்துகொண்டார்கள் என்பதையே நான் பின்னர்தான் படித்தறிந்தேன். நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தியும், இது செய்யப்பட்டது. அந்த அச்சத்துக்குப் பிறகு முழுச் சுமையும் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் தாமே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 விழுக்காடு, கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 விழுக்காடு.

ஆனால் பெரியப்பா அச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. மில்லில் உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள் என்று, சிகிச்சை பெரியம்மாவுக்கு நடந்ததாகச் சொல்லிவிட்டாராம். பெரியம்மா சாகும்வரை அதைத் தம்முடையதாகவே சுமந்திருக்கிறார். விசாரிக்க வந்த பெண்களிடம் இல்லாத வயிற்று வலியைக்கூடச் சொல்லியிருக்கிறார். "எனக்காக அவள் பொய் சொன்னாள், அவளுக்காக நான் ஒரு உண்மையைக்கூடச் சொல்லவில்லை" என்று சொல்லி அவர் அழுதார். எங்கள் வீட்டில் எந்தச் சாவிலும் கண் கலங்காத மனிதர் அவர்.

இதை அம்மாவிடமும் சொல்லுங்கள் பெரியப்பா என்று கேட்டுக்கொண்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலை, காபியோடு வந்த அம்மாவை உட்காரச் சொல்லி, தாமாகவே சொன்னார்.