முன்சக்கரத்தில் ‘ப்ளே’: ஆட்டமா, தளர்வா, அசைவிடமா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ஷார்ஜாவின் அல் பதாயர் மணல்மேடுகளில் வாடகைக்கு ஓடும் சைடு-பை-சைடு (அருகருகே உட்கார்ந்து ஓட்டும் மணல்வெளி) வண்டிகளைப் பராமரிக்கும் தமிழ் மெக்கானிக்குகளுக்காக, ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் தாள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தின் ‘ப்ளே’ (play) என்ற சொல்லில் வேலை நிற்கிறது.

மூலத்தில் அதற்கு இரண்டு பொருள். ஒன்று இருக்க வேண்டியது: சக்கரம் திரும்பத் தொடங்கும் முன் ஸ்டியரிங் வளையம் சும்மா நகரும் தூரம். பொலாரிஸ் நிறுவனத்தின் பல மாதிரிகளுக்கு வளையத்தின் விளிம்பில் இது 20 முதல் 25 மி.மீ. மற்றொன்று இருக்கவே கூடாதது: பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை), பேரிங் இவை தேய்ந்து வரும் அசைவு. இரண்டையும் ‘ஆட்டம்’ என்று எழுதினால், “20 மி.மீ. ஆட்டம் சரிதான்” என்று படித்தவர் தேய்ந்த பால் ஜாயின்டையும் விட்டுவிடுவார். வழி சொல்லுங்கள்.

பட்டறை நண்பர்:
சொல் இருக்கட்டும், முதலில் சோதனை வரிசையைச் சரிபாருங்கள். டயர் காற்று இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்த பிறகுதான் ஜாக்கி. சட்டத்தில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, இரண்டு முன்சக்கரமும் தொங்க வேண்டும். டயரை 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அசைந்தால் பேரிங், அல்லது பால் ஜாயின்ட். எது என்று தெரிய இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் டிஸ்க்கும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் உறுப்பு) ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங் அசைவு அடங்கிவிடும். மிதித்த பிறகும் அசைந்தால் பால் ஜாயின்ட், அல்லது ஏ-ஆர்ம் (நக்கிளைச் சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ். கீழ் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே லிவர் கொடுத்து நெம்பினால் எது என்று கண்ணுக்கே தெரியும்.

3 மணி, 9 மணியில் மட்டும் அசைந்தால் டை ராட், அல்லது ரேக் (ஸ்டியரிங் திருப்பத்தை டை ராடுகளுக்குக் கொடுக்கும் பற்சட்டம்). வெளி முனையைக் கையால் தொட்டுப் பாருங்கள். உள் முனை ரேக்கின் ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும், உறையை அமுக்கிப் பிடித்தால் தட்டுவது விரலுக்குத் தெரியும். ரேக்கே தன் போல்ட்டில் நகர்கிறதா என்பதையும் விடக்கூடாது. பலர் இதைப் பார்க்காமலேயே டை ராட் வாங்கிவிடுகிறார்கள்.

எங்களிடம் இதெல்லாம் ‘ஆட்டம்’தான். “பால் ஜாயின்ட் ஆட்டம் கொடுக்குது” என்றால் புரியாதவர் இல்லை.

தமிழாசிரியர்:
ஆட்டத்தை எடுத்துவிட வேண்டாம், அடை சேர்த்துப் பிரிக்கலாம். இருக்க வேண்டியதற்கு ‘விடுவாட்டம்’, கோளாறுக்குத் ‘தேய்வாட்டம்’. விடு என்பதில் தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் முற்றியலுகரம். எனவே உகரம் கெடாமல் வகர உடம்படுமெய் பெறும். தேய்வு என்பதிலும் முற்றியலுகரமே, ஆனால் அங்கே “முற்றும் அற்று ஒரோவழி” என்ற நன்னூல் விதிப்படி உகரம் கெடுகிறது.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:
ஐயா, புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் இரண்டு சொல்லுமே ‘வாட்டம்’ என்று முடிகின்றன. வாட்டம் என்றால் சரிவு. தளம் போடும் கொத்தனார் முதல் எல்லோருக்கும் அது தெரியும். இதே தாளில் கேம்பர் வருகிறது, அதாவது சக்கரத்தின் சரிவு. ‘தேய்வாட்டம்’ என்று படிக்கிறவர் டயர் சரிந்து தேய்ந்திருக்கிறது என்றே நினைப்பார். ‘அளவாட்டம்’ என்றாலும் இதே சிக்கல்தான். உகரத்தைக் கெடுத்து ‘விடாட்டம்’ என்று எழுதினால் விடாத ஆட்டம் என்று பொருள் தலைகீழாகும்.

தமிழாசிரியர்:
ஏற்கிறேன். அப்படியானால் ‘வெற்றசைவு’. வெறுமை, அசைவு. ஈறு போய்த் தன்னொற்று இரட்டியது.

பட்டறை நண்பர்:
ஐயா, வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு படிக்கும் தாள் இது. வெற்றசைவு என்பதை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாண அன்பர்:
எங்கட பக்கம் சில்லு ‘லூஸ்’ எண்டுதான் சொல்லுவினம். எழுத்தில ‘தளர்வு’ போதும். சக்கரம் எண்டதுக்குச் ‘சில்லு’ எண்டும் ஒருக்கால் யோசியுங்கோ.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:
தளர்வு என்றால் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து முறுக்கப் போய்விடுவார், அண்ணை. தேய்ந்த பால் ஜாயின்டை முறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ரேக் போல்ட்டுக்கு மட்டும் தளர்வு பொருந்தும்.

தமிழாசிரியர்:
ஸ்டியரிங் வளையம் கையில் படபடவென்று உதறுவதை ‘விதிர்ப்பு’ எனலாமே. “அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்” என்று தொல்காப்பிய உரியியலில் இருக்கிறது. உடலெல்லாம் அதிர்வது வேறு, பிடித்த கையில் மட்டும் உதறுவது வேறு. இந்த நுட்பம் மெக்கானிக்குக்கும் வேண்டியதுதானே?

பட்டறை நண்பர்:
வேண்டியதுதான். ‘உதறல்’ என்றே போட்டுவிடலாம். ரிம் வளைவு, ரிம்முக்குள் காய்ந்த சேறு, டை ராட் எண்ட் தேய்வு ஆகிய மூன்றையும் அதன் கீழே எழுதுங்கள்.

ஸ்டியரிங் கனமாக இருந்தால் சக்கரங்களைத் தூக்கிவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். தூக்கிய பிறகும் ஒரே இடத்தில் சிக்கினால் பால் ஜாயின்ட், ஸ்டியரிங் தண்டின் யூ-ஜாயின்ட், வளைந்த ரேக் இவற்றில் ஒன்று. தூக்கியதும் லேசாகத் திரும்பினால் பவர் ஸ்டியரிங்குக்குப் போகும் மின்சாரத்தைப் பாருங்கள். பேட்டரி முனை அரித்திருந்தாலோ வோல்டேஜ் இறங்கினாலோ மோட்டார் உதவாது. வின்ச் (வண்டியை இழுக்கும் மின்சுருளி) பூட்டிய வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழாசிரியர்:
மணலுக்குள் போகிறவர்கள் உதிரி டை ராட் ஒன்று கட்டிக்கொண்டு போவார்களாமே. புறநானூற்று 102ஆம் பாட்டில் உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் ‘சேம அச்சு’ கட்டிப்போகிறார்கள். அதையொட்டிச் ‘சேமத் தண்டு’ என்று வைத்தால் எவ்வளவு பொருத்தம்! நட்டு கழலாமல் துளையில் செருகும் காட்டர் பின்னுக்கும் ‘கடையாணி’ இருக்கிறது.

பட்டறை நண்பர்:
சேமத் தண்டு நன்றாக இருக்கிறது. கடையாணி வேண்டாம், ஐயா. மாட்டுவண்டிக் கடையாணியைக் கழற்றி மறுபடி போடலாம். காட்டர் பின்னைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். பெயர் பழசை நினைவூட்டினால் பழசையே செருகுவார்கள். நட்டைக் கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு முறுக்கிய பிறகு துளை நேராக வராவிட்டால், நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும் வரை இறுக்க வேண்டும். துளைக்காக ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:
டை ராட் மாற்றியதும் டோ (முன்சக்கரங்களின் முன், பின் இடைவெளி வேறுபாடு) பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் அளக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்சம் முன்னே உருட்டி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, அச்சு உயரத்தில் இரண்டு டயர்களின் நடுக்கோட்டுக்கு இடையே முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளக்க வேண்டும். பொலாரிஸின் பல ஆர்.இசட்.ஆர் மாதிரிகளில் முன்பக்கம் 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இதற்கு ‘முன்விரிவு’ என்றால் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு பக்க டை ராடையும் சம அளவு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணிக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். கோளாறுக்கு ‘ஆட்டம்’, எப்போதும் உறுப்பின் பெயரோடு: ‘பேரிங் ஆட்டம்’, ‘பால் ஜாயின்ட் ஆட்டம்’. அனுமதித்த தூரத்துக்கு ‘அசைவிடம்’, எப்போதும் மி.மீ. அளவோடு. ‘முன்விரிவு’, ‘உதறல்’, ‘சேமத் தண்டு’ உள்ளே. காட்டர் பின் அப்படியே.

பட்டறை நண்பர்:
சரி, போகட்டும்.

யாழ்ப்பாண அன்பர்:
எனக்கும் சரி. சில்லு விசயம் பிறகு கதைப்பம்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 20 மி.மீ. என்பது தூரம். அசைவிடம் என்பது அசையும் இடம். மெக்கானிக் எந்த இடம் என்று தேடக் கூடாது. முதல் முறை வரும்போதாவது ‘வெற்றசைவு’ என்று பக்கத்தில் போடுங்கள்.