கெர்ரி லிவ்கிரனின் 'ஏடி' (AD) குழு இசைத்தட்டுகள் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவின் கான்சஸ் ராக் குழுவில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்த கெர்ரி லிவ்கிரனைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1977இல் 'டஸ்ட் இன் த விண்ட்' பாடலில் நிலையாமையை எழுதியவர், பல மதநூல்களில் தேடிவிட்டு 1979இல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். என்னை இழுத்தது அந்தத் தேடல்தான்.

1980இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 'சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்'. அதில் ரானி ஜேம்ஸ் டியோவும் பாடியிருக்கிறார். அப்போது அவர், இருளும் சாத்தானும் வரும் பாடல்களுக்குப் பேர்போன பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர்! கிறிஸ்தவ ரசிகர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ, ஆல்பத்தின் உயிரே அந்தக் குரல்தான். அந்தக் காலத்து விமர்சனங்கள் இருந்தால் படமெடுத்து அனுப்புங்களேன்.

முக்கியமாக வேண்டியது இது: கான்சஸை விட்டு விலகி, பாஸ் கிட்டார் கலைஞர் டேவ் ஹோப்புடன் அவர் நடத்திய 'ஏடி' குழுவின் 'டைம் லைன்', 'ஆர்ட் ஆஃப் த ஸ்டேட்' ஆல்பங்களின் எல்பி இசைத்தட்டு அல்லது கேசட். பாட்டு கேட்டுவிட்டேன், அட்டைக் குறிப்புகள்தான் கிடைக்கவில்லை.

ஹோப் பிற்பாடு ஆங்கிலிக்கன் குருவானவர் ஆனார். அவருடைய பிரசங்கப் பதிவு ஏதேனும் கேட்டவர்கள் உண்டா? தபால் செலவு என்னுடையது, பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.